மலையேறிய சமவெளி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சேலம், நாமக்கல் சமவெளியில் இலக்கிய மேடை ஒன்று எழுமாயின், அதில் வல்வில் ஓரியின் பெயர் ஒலிக்காமல் விழா நிறைவதில்லை. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். வன்பரணரும் கழைதின் யானையாரும் பாடிய கொடையாளன். ஒரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்தியவன். ஆடிப் பதினெட்டையொட்டி அரசே அவனுக்கு விழா எடுக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சமவெளி மக்கள் மேலே செல்கின்றனர். செம்மேட்டில் சிலைக்கு மாலை. அறப்பளீசுவரர் கோயிலில் வழிபாடு. ஆகாய கங்கையில் நீராடல். பொழுது சாயுமுன் இறக்கம்.

மேடையில் பேசுவோர் ஓரியின் கொடையைப் பேசுவர். அவன் எவ்வாறு மாண்டான் என்பதைச் சற்று விரைவாகக் கடந்துவிடுவர். திருமுடிக்காரி அவனைக் கொன்று, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்பது சங்கச் செய்யுளே தரும் செய்தியாகும். ஒருவனுடைய மலையை இன்னொருவன் வென்று மூன்றாமவன் கையில் கொடுத்த அந்தக் கதையில், மலையில் வாழ்ந்தவர்களிடம் எவரும் எதையும் கேட்டதாகச் செய்தி இல்லை. பின்னர் வந்த காலங்களிலும் கேட்கப்படவில்லை. 'மாற்று வரலாறும் ஒப்புரவும்' என்னும் இவ்வுரையின் பொருள் அந்தக் கேட்கப்படாத கேள்வியிலிருந்தே தொடங்குகிறது.

ஒப்புரவு என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. திருக்குறளின் இருபத்திரண்டாம் அதிகாரம் ஒப்புரவறிதல். உலகத்தார்க்குச் செய்யக் கடமைப்பட்டதை அறிந்து செய்தல் என்பது அங்கே பொருள். பின்னாளில் கிறித்தவத் தமிழ் இதே சொல்லை, பகைத்துப் பிரிந்த இருவர் மீண்டும் ஒன்றாதல் என்ற பொருளில் ஆண்டது. ஆத்திரேலியாவிலும் கனடாவிலும் நியூசிலாந்திலும் வந்தேறிய வெள்ளையர்க்கும் முதுகுடிகளுக்கும் இடையே இன்று பேசப்படுவது இந்த இரண்டாம் பொருள். முதற்பொருள் நிறைவேறாமல் இரண்டாம் பொருள் கைகூடுமா என்பதே அந்நாடுகளில் நடக்கும் வழக்கு. இந்த வட்டாரத்திலோ அவ்வழக்கு இன்னும் முறையாகத் தொடங்கப்படவே இல்லை.

குறிஞ்சித் திணையைக் கற்பிக்காத தமிழ் வகுப்பறை இல்லை. தினைப்புனம், பரண், கிளி கடியும் மகள், மலைத்தேன் என்று கருப்பொருள் பட்டியல் மாணவர் நாவில் தடையின்றி வரும். அந்தப் புனம் என்பது யாது? காட்டின் ஒரு பகுதியை வெட்டி, எரித்து, சாம்பல் கலந்த மண்ணில் விதைத்து, சில ஆண்டுகள் விளைவித்தபின் அதைக் காட்டுக்கே விட்டுவிட்டு வேறிடம் செல்லும் வேளாண்மை. சேலம் மலைகளில் இது புலவர் கற்பனையாக இருந்ததில்லை. ஏர் செல்லும் நிலத்தை உழவுக்காடு என்றும், ஏர் செல்லாத சரிவில் கொத்து கொண்டு கிளறி விதைக்கும் நிலத்தைக் கொத்துக்காடு என்றும் மலைமக்கள் பிரித்து வழங்கினர். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை அக்காடுகளில் விளைந்தன. சங்கப் புலவன் பாடினால் அது முதற்பொருளும் கருப்பொருளும். 1882ஆம் ஆண்டுக்குப் பின் காப்புக்காட்டுக்குள் அதைச் செய்தால் அது குற்றம். இந்த மாற்றம் நிகழ்ந்த விதம் அறியத்தக்கது.

1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து சேலமும் பாரமகாலும் கும்பினியார் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடு மேலாளராக அமர்ந்தார். தாமசு மன்றோ அவருடைய உதவியாளருள் ஒருவர். பின்னர் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறைக்கு இந்தச் சமவெளியே தொட்டில் என்பர். வயலை அளந்து, உழவனின் பெயரெழுதி, தீர்வை விதித்து, அரசும் உழவனும் நேருக்கு நேர் நின்ற முறை அது. அதன் நன்மை தீமைகளை இங்கு ஆராய இடமில்லை. ஆனால் அளவுச் சங்கிலிக்குள் அடங்கும் நிலமே அம்முறையின் கண்ணுக்கு நிலம். ஓராண்டு விளைந்து பத்தாண்டு கிடக்கும் கொத்துக்காட்டில் யார் பெயரை எழுதுவது? பெயர் எழுதப்படாத நிலம் தரிசு எனப்பட்டது. தரிசு அரசுக்குரியது எனப்பட்டது. ஆத்திரேலியாவில் 'எவர்க்கும் உரித்தல்லாத நிலம்' என்ற சட்டப் புனைவு செய்த வேலையை இங்கே 'தரிசு' என்ற வருவாய்த்துறைச் சொல் ஆரவாரமின்றிச் செய்து முடித்தது.

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். ஏற்காட்டின் தந்தை என்று சுற்றுலா நூல்கள் அவரை இன்றும் புகழ்கின்றன. தந்தைக்கு முன்பே அங்குப் பிள்ளைகள் இருந்தனர் என்பதை அந்நூல்கள் எழுத மறந்துவிடும். காப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக, மலையாளி மக்களின் ஊர்களை அவை நெருங்கின. (கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது. மலையை ஆள்வோர் மலையாளி, பேச்சு தமிழ்.) மலைமக்கள் முறையிட்டனர். அம்முறையீடு வீண்போகவில்லை என்பதுதான் வியப்பு. 1866ஆம் ஆண்டு சேர்வராயன் மலை ஊர்கள் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு நிலப்பரப்பு வரையறுக்கப்பட்டு, தோட்டக்காரர் கைபடாதவாறு மலையாளிகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஆங்கிலப் பதிவுகள் அதனை ஊர்ப் பசும்பரப்பு என்னும் பொருள்படக் குறிக்கின்றன.

அந்தக் கோடு சிறியது. ஊரையும் ஊர்ச்சுற்றையும் மட்டும் காத்து, அதற்கப்பால் உள்ள கொத்துக்காட்டையும் மேய்ச்சலையும் தேனெடுக்கும் பாறையையும் கோட்டுக்கு வெளியே விட்டது. மக்களுக்கு வேலியிட்டுவிட்டு மலையைத் தோட்டங்களுக்குத் திறந்துவிட்டது என்றும் சொல்லலாம். அவ்வாறாயினும், நிலம் மலைமக்களுக்குரியது, பிறர் அதில் கைவைக்கலாகாது என்னும் கருத்து அரசின் ஏட்டில் ஒருமுறை ஏறியது. அந்தக் கருத்து சேர்வராயனைத் தாண்டிக் கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை வரை வளர்ந்திருக்கலாம். வளரவில்லை.

மாறாக வளர்ந்தது காப்புக்காடு. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளை வரையறுத்து, உரிமை கோருவோர் விண்ணப்பிக்கலாம் என அறிவித்து, கோராதவர் உரிமையை அற்றுப்போகச் செய்தது. எழுத்தறியா மலைமக்கள், தங்கள் பாட்டன் எரித்து விதைத்த சரிவுக்கு எழுத்தில் என்ன சான்று காட்ட இயலும்? மலைமக்கள் காட்டை எரித்து அழிக்கின்றனர் என்பது அதிகாரிகள் கூறிய காரணம். இக்காரணத்தைச் சொன்ன அதே அரசுதான், 1830களில் பரங்கிப்பேட்டை இரும்பாலை நடத்திய ஈத்து என்பவருக்கு இம்மாவட்டத்தின் காட்டு மரங்களைக் கரியாக்க உரிமை அளித்தது. பிறகு இருப்புப்பாதை வந்தபோது குறுக்குக் கட்டைக்கும் எரிபொருளுக்கும் மரங்களை வீழ்த்தியது. வேலாயுதம் சரவணன் போன்ற வரலாற்றாய்வாளர்கள் ஆவணச் சான்றுகளோடு இவற்றை விரிவாக எழுதியுள்ளனர். காட்டை அழித்தவன் யார், அதற்குத் தண்டம் கட்டியவன் யார் என்பதை அந்த ஆய்வுகளைப் படிப்போர் எளிதில் உணர்வர்.

இனி மாற்று வரலாறு. நடந்திருக்கக் கூடியதை எண்ணிப் பார்ப்பதை வீண்கற்பனை என்று வரலாற்றாசிரியர் சிலர் ஒதுக்குவர். வெள்ளையர் வராமலே இருந்திருந்தால் என்று தொடங்கும் கற்பனைக்கு அந்தக் கண்டனம் பொருந்தும். அங்கே பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை. ஆனால் அதே காலத்தில், அதே கோட்டையில், அதே அதிகாரிகளின் மேசைமேல் இருந்த ஒரு வழியைக் காட்டி, அது ஏன் இங்கு மேற்கொள்ளப்படவில்லை என்று வினவுவது கற்பனை ஆகாது.

அப்படி ஒரு வழி இருந்தது. 1917ஆம் ஆண்டு சென்னை மாகாண அரசு ஏஜென்சிப் பகுதிகளின் வட்டி, நில மாற்றச் சட்டத்தை இயற்றியது. கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மாவட்டங்களின் மலைப்பகுதிகளில் மலைக்குடியைச் சார்ந்தவர் தம் நிலத்தை மலைக்குடி அல்லாதார்க்கு, அரசு முகவரின் இசைவின்றி, விற்கவோ ஈடுவைக்கவோ இயலாது. வட்டிக்கும் வரம்பு உண்டு. சமவெளியிலிருந்து மலையேறும் வணிகரும் வட்டிக்காரரும் கடன் என்ற கயிற்றால் நிலத்தைக் கட்டி இழுப்பதைத் தடுப்பதே அதன் நோக்கம். கோதாவரியும் சேலமும் அன்று ஒரே மாகாணம். சட்டம் செய்தது ஒரே மன்றம். 1918இல் ரிச்சர்ட்சு என்பவர் சேலம் மாவட்டக் கையேட்டை வெளியிட்டு, மலையாளிகளின் வாழ்வையும் வழக்கத்தையும் விளக்கினார். எனவே இம்மலைகளைப் பற்றி அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல வழியில்லை. தெரிந்திருந்தும் அச்சட்டம் சேலத்துக்கு வரவில்லை.

வடக்கே மட்டும் ஏன் வந்தது? அங்கே 1879இல் ரம்பா மலைமக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதை அடக்க அரசு படை திரட்ட வேண்டியிருந்தது. 1839 முதலே அப்பகுதிகளுட் பல தனி ஆட்சிமுறைக்கு உட்பட்டிருந்தன. 1874ஆம் ஆண்டின் அட்டவணை மாவட்டச் சட்டமும் அவற்றைத் தனியே வைத்தது. அங்கு அரசின் பரிவுக்குள் அச்சம் கலந்திருந்தது எனலாம். சேலத்து மலைமக்கள் படை திரட்டவில்லை, மனு எழுதினர். மனுவுக்கு ஊர்ச்சுற்றுக் கோடு கிடைத்தது, அதற்குமேல் கிடைக்கவில்லை.

ஏஜென்சிப் பகுதியில் பாலும் தேனும் ஓடிற்று என்று எவரும் சொல்லார். அச்சட்டம் வந்த ஐந்தாண்டுக்குள், வனச் சட்டத்தின் கொடுமை தாளாது அல்லூரி சீதாராமராசுவின் தலைமையில் அம்மலைகள் 1922 முதல் 1924 வரை போரிட்டன. சட்டத்தை ஏய்க்கும் வழிகளைச் சமவெளியார் அங்கும் கண்டுகொண்டனர். எனினும் அந்தச் சட்டத்துக்கு ஒரு வழித்தோன்றல் வரிசை உண்டாயிற்று. ஆந்திரத்தில் 1959ஆம் ஆண்டின் நில மாற்ற ஒழுங்குமுறை அதன் மகவு. 1970ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மேலும் இறுக்கியது. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைக்குள் அம்மலைகள் சேர்ந்தன. 1997இல் சமதா என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில், அட்டவணைப் பகுதியின் நிலத்தைத் தனியார் சுரங்க நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விடுதல் செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பைச் சேலத்துக்கு அருகில் வைத்துப் பாருங்கள். மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயனிலும் கொல்லியிலும் பாக்சைட் வெட்டப்பட்டது. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இம்மலைகளுக்கும் நீட்டப்பட்டிருந்தால், விடுதலைக்குப் பின் அவை இயல்பாகவே ஐந்தாம் அட்டவணைக்குள் வந்திருக்க வாய்ப்புண்டு. வந்திருந்தால், ஓரியின் மலையை வெட்டும் குத்தகை அந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பின்முன் நின்றிராது. 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்து நீட்டிப்புச் சட்டம் அட்டவணைப் பகுதிகளின் கிராம சபைக்குத் தரும் அதிகாரம் வளப்பூர் நாட்டுக்கும் வாழவந்தி நாட்டுக்கும் கிடைத்திருக்கும். கொல்லிமலை இன்றும் நாடுகளாகவே பெயர் சொல்லி வாழ்கிறது: அரியூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு. ஊர்க்கவுண்டரும் நாட்டார் கூட்டமும் தம் வழக்கைத் தாமே தீர்த்துவந்த அந்த அமைப்பைச் சட்டம் ஏற்றுக்கொள்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் தேவைப்பட்டது, சென்னைக் கோட்டையில் ஓர் எழுத்தர், பட்டியலில் இன்னும் ஒரு மாவட்டத்தின் பெயரைச் சேர்த்து எழுதுவது மட்டுமே.

இங்கே ஒரு மறுப்பு எழும். மலையாளிகள் முதுகுடிகளா? அவர்களுடைய வாய்மொழிக் கதையே தாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்கிறதே? அண்ணன் தம்பியர் மூவர் தங்கள் தெய்வமான கரிராமனைச் சுமந்துவந்து மூன்று மலைகளில் குடியேறினர் என்பது அக்கதை. இதைக் காட்டி, அவர்களும் வந்தவர்கள்தாமே என்று வாதிடுவோர் படித்தவர்களுள்ளும் உண்டு.

கதையை முழுமையாகக் கேட்பது நல்லது. வந்த மூவரும் வெவ்வேறு குடிகளில் பெண் கொண்டனர் என்று அது தொடர்கிறது. மலையை வென்றதாகவோ, முன்பிருந்தோரை வெளியேற்றியதாகவோ அன்று. கலந்து மலையினர் ஆனதாக. வருதலில் இத்தனை வகை உண்டு என்று காட்டும் அக்கதை, மாற்று வரலாறு என்ற பொருளில் எழுதப்பட்ட பல நூல்களைவிட ஆழமானது. வந்தவன் சேர்வராயனையே தெய்வமாகக் கொண்டு, வைகாசியில் அக்குகைக்கு முன் விழா எடுக்கிறான். இன்னொருவன் அதே மலையைத் தோட்டக் கணக்கில் எழுதிக்கொள்கிறான். இருவரையும் 'வந்தவர்' என்ற ஒரே சொல்லால் குறிப்பது மொழிக்குச் செய்யும் அநீதி. ஐக்கிய நாடுகள் அவை 2007இல் முதுகுடி உரிமைச் சாற்றுரையை நிறைவேற்றியபோது இந்தியா அதற்கு வாக்களித்தது. ஆயினும் இந்திய மக்கள் அனைவரும் முதுகுடிகளே என்பது இந்திய அரசின் நிலைப்பாடு. எல்லாரும் முதுகுடி என்றால், உரிமை கேட்டு நிற்பவன் யாரிடம் கேட்பது?

பெயர்ப்பட்டியலும் இந்த மக்களோடு விளையாடியிருக்கிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளிகளே பழங்குடியினர். அன்றைய கோவை மாவட்டத்தில் அடங்கி, பின் ஈரோட்டுக்குச் சென்ற பருகூர் மலையில் வாழும் அதே மக்கள், அதே மொழி, அதே தெய்வம், அப்பட்டியலில் இல்லை. மலைத்தொடருக்கு மாவட்ட எல்லை தெரியாது. ஆட்சியர்கள் தங்கள் வசதிக்காக வரைந்த கோடு ஒரு மக்களின் பிறப்பையே இரண்டாகப் பிளந்திருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களுள் மலையாளிகளே பெருங்குடி, ஏறத்தாழ மூன்றரை இலட்சம். பருகூர் மலையார் அதற்குள் எண்ணப்படாதவர்.

1992ஆம் ஆண்டு சூன் மாதம் 3ஆம் நாள், ஆத்திரேலிய உயர்நீதிமன்றம் மேபோ வழக்கில் தீர்ப்புரைத்தது. வெள்ளையர் வருமுன் அந்நிலம் எவர்க்கும் உரியதன்று என்ற இருநூறாண்டுப் புனைவு அன்று வீழ்ந்தது. வழக்கைத் தொடுத்த எடி மேபோ தீர்ப்பைக் காணாமல் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே இறந்துபோனார். உலகச் செய்தித்தாள்கள் அத்தீர்ப்பைப் போற்றி எழுதிக்கொண்டிருந்த அதே மாதத்தில், பதினேழு நாள் கழித்து, 20ஆம் நாள், சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் புகுந்தனர். வாச்சாத்தி அரூர் வட்டத்து மலையாளிகளின் ஊர். தருமபுரி 1965இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது சேலம் மாவட்டத்து ஊர்தான். சந்தன மரக் கடத்தல் என்பது சொல்லப்பட்ட காரணம். ஊரார் ஆலமரத்தடிக்குக் கொண்டுவரப்பட்டனர், அடிக்கப்பட்டனர். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளாயினர். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, குடிநீர்க் கிணறும் கெடுக்கப்பட்டது. குழந்தைகளும் பெண்களும் உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்டோர் சேலம் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

சேலம் சிறை சமவெளியின் நடுவே இருக்கிறது. அவ்வாண்டு இந்நகரில் இலக்கியக் கூட்டங்கள் நடந்தன. குறிஞ்சித் திணை பற்றிய சொற்பொழிவுகளும் இல்லாமற் போயிரா. அந்த மலைப்பெண்கள் சிறைக்குள் இருக்க, வெளியே கொல்லிப்பாவையின் எழில் வியந்துரைக்கப்பட்டது என்பதை வரலாறாகவே குறித்துவைக்க வேண்டும்.

வழக்கு நகர்ந்த வேகம் யாவரும் அறிந்ததே. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியும் விடாது நின்று போராடியதால் அது நடுவண் புலனாய்வுத்துறை கைக்குச் சென்றது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் அனைவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோது, அவர்களுள் 54 பேர் இறந்துபோயிருந்தனர். எஞ்சியோர் 215 பேர். மேல்முறையீட்டில், நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அவ்வூருக்கே நேரிற் சென்று, இடங்களைப் பார்வையிட்டு, மக்கள் சொல்லைக் கேட்டார். அவ்வாண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தண்டனையை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவர்க்கும் பத்து இலட்சம் ரூபாய் வழங்கவும், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் ஆணையிட்டார். அதற்குப் பதினைந்து நாள் கழித்து, ஆத்திரேலியாவில் முதுகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஒரு குரல் அமைப்பு வேண்டுமா என்ற பொதுவாக்கெடுப்பு தோற்றது. 2008இல் அந்நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டதையும் இத்தோல்வியையும் சேர்த்தே படிக்க வேண்டும். மன்னிப்பு எளிதாக வந்தது. அதிகாரத்தில் பங்கு என்றவுடன் கை பின்வாங்கியது.

அங்கே மன்னிப்பு வந்தது, தண்டனை அரிது. இங்கே முப்பத்தோராண்டு காத்திருந்து தண்டனை வந்தது. மன்னிப்பு என்று ஒன்று உண்டு என்ற நினைவே இல்லை. தீர்ப்பு குற்றம் செய்த பணியாளர்களைத் தண்டித்தது. காட்டுக்குள் வாழ்பவன் இயல்பாகவே திருடன் என்ற எண்ணம் எந்தச் சட்டத்திலிருந்து பிறந்ததோ, அதைத் தண்டிக்கும் வேலை எந்த நீதிமன்றத்துக்கும் உரியதன்று.

அந்த வேலையின் ஒரு பகுதியை நாடாளுமன்றம் 2006இல் செய்தது. வன உரிமைச் சட்டத்தின் முகப்புரை, காடுவாழ் மக்களுக்கு வரலாற்று அநீதி இழைக்கப்பட்டது என்று ஒப்புக்கொள்கிறது. குடியேற்ற ஆட்சிக்காலத்தில் மட்டுமன்று, விடுதலை பெற்ற இந்தியாவிலும் என்று சேர்த்தே சொல்கிறது. இந்நாட்டுச் சட்ட வரலாற்றில் அரசு தன்னைத் தானே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய அரிய வரிகள் அவை. ஆனால் தமிழ்நாட்டில் அச்சட்டத்தின்கீழ்ப் பட்டா வழங்குதல் 2008 முதல் உயர்நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையால் தடைப்பட்டுக் கிடந்தது. 2016இல் உச்சநீதிமன்றம் அத்தடையை நீக்கியது. வரலாற்று அநீதியை ஒப்புக்கொண்ட ஏட்டின் மேல் எட்டாண்டுத் தூசு.

இவ்வளவும் அரசுகள் செய்தவை, செய்யாதவை. சமவெளி மக்களுக்கு இதில் பங்கில்லையா? வெள்ளையர் 1947இல் கப்பலேறினர். சமவெளியார் கப்பலேறவில்லை, மலையேறினர். மலைக்குக் கடன் கொண்டுசென்றவர், சந்தையில் எடை குறைத்தவர், மலையாளியின் பெயரில் நிலம் வைத்து விளைவை எடுத்துக்கொண்டவர் எல்லாரும் தமிழ் பேசியவர்களே. ஓர் எடுத்துக்காட்டு போதும். சேலம், ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் பகுதிகளின் சேகோ ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டும். இவ்வட்டாரத்தார் குச்சிக்கிழங்கு என்று சொல்லும் அந்தப் பயிர் கொல்லிமலை ஏறிற்று. சாமையும் தினையும் விளைந்த நிலம் கிழங்குக்கு மாறியது. சாமை உண்ணும் பயிர். வீட்டில் பெண்களின் கையில் விதை இருந்தது. கிழங்கு விற்கும் பயிர். விலை சமவெளியின் கையில். இதை எவரும் வாளேந்திச் செய்யவில்லை. மலைமக்களுக்குப் பணம் கிடைத்தது உண்மை, அதை அவர்கள் விரும்பியதும் உண்மை. ஆயினும் தினைப்புனத்தை இறுதியாக வென்றது காப்பி அன்று, சவ்வரிசி. மா. சா. சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானிய விதைகளைத் திரட்டிக் காக்கும் பணியை மேற்கொள்ள வேண்டிய நிலை வந்தது என்றால், இழப்பின் அளவை அவையோர் உய்த்துணரலாம்.

ஒப்புரவு என்னும் பெயரில் கேட்கப்படுவது, மலையை விட்டு அனைவரும் இறங்கிவிடுவதன்று. இருநூறாண்டுக் கலப்பை எந்தச் சட்டமும் பிரித்தெடுக்க முடியாது, பிரிக்க வேண்டியதுமில்லை. நிலம் மேலும் கைமாறாமல் நிற்பதும், காட்டைப் பற்றிய முடிவில் நாட்டார் கூட்டத்தின் சொல் இறுதியாக இருப்பதும், பருகூராரின் பெயர் பட்டியலில் ஏறுவதும் முதல் மூன்று. பாடத்திட்டத்தில் குறிஞ்சிக்கு அருகில் 1882ஆம் ஆண்டும் 1992ஆம் ஆண்டும் இடம்பெறுவது தமிழாசிரியர் கையிலேயே இருக்கிறது. அதற்கு எந்த அரசாணையும் வேண்டியதில்லை.

முன்சொன்ன மாற்று வரலாற்றின் கதவு மூடப்பட்டுவிட்டதாகவும் கருத வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை ஆறாம் பத்தியின்படி, ஒரு நிலப்பரப்பை அட்டவணைப் பகுதியாக அறிவிக்கக் குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்றே போதும். புதிய சட்டம் தேவையில்லை. அட்டவணைப் பகுதி இல்லாத மாநிலங்களிலும் பழங்குடியினர் ஆலோசனைக் குழு அமைக்க அதே அட்டவணை இடந்தருகிறது. அதன்படி தமிழ்நாட்டில் அத்தகைய குழு உண்டு. ஆலோசனை கேட்கும் அளவுக்குப் பழங்குடியினர் இங்கு உள்ளனர் என்பதை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி என எந்த மலையின் பெயராலும் அந்த ஆணை மட்டும் இதுவரை பிறப்பிக்கப்படவில்லை.